ஒரு மார்க், ஒரு பேப்பர், மூன்று பட்டங்கள்: டாக்டர் காதம்பினி கங்குலி கடந்து வந்த பாதை

நர்சிங் முடித்த தோழியோ தங்கையோ உங்களுக்கு இருந்தால் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள்: அமெரிக்காவில் நர்ஸ்களே மயக்க மருந்து கொடுக்கிறார்களாமே, அதற்கு என்ன படிக்கணும்? இங்கே படித்தால் அந்த வேலை கிடைக்குமா?

பதில் கட்டுரையின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லியாகணும். ஏனென்றால் அந்தக் கேள்விக்கு அடியில் இன்னொரு பழைய கேள்வி இருக்கிறது. வேலையைக் கற்றுக்கொள்வது ஒன்று. அதைச் செய்ய அனுமதி தரும் காகிதத்தை வாங்குவது வேறொன்று. முதலாவது கைக்கு வந்தபிறகும் இரண்டாவதுக்காகப் பல வருடங்கள் அலைந்த ஒரு பெண் கொல்கத்தாவில் இருந்தார். பெயர் காதம்பினி கங்குலி.

2021 ஜூலை 18 அன்று கூகுள் திறந்தபோது, ஒரு பெண் மருத்துவரின் ஓவியத்தை டூடுலாகப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா? அவர்தான். அன்று அவருடைய 160-வது பிறந்தநாள். இந்தியாவில் மேற்கத்திய மருத்துவம் படித்து, இந்தியாவிலேயே தொழில் நடத்திய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர்.

அவர் வாழ்க்கையை எண்களாகவே சொல்லிவிடலாம். ஒவ்வொரு எண்ணும் அவர் முன்னால் நின்ற ஒரு கதவு.

48 ஆண்டுகள்: கதவு மூடியிருந்த காலம்

கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட்டில் இன்றும் இயங்கும் மெடிக்கல் காலேஜ் 1835 ஜனவரி 28 அன்று தொடங்கப்பட்டது. நம் சென்னையில் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் முன்னோடியான மருத்துவப் பள்ளி தொடங்கியது அதே ஆண்டு பிப்ரவரி 2. இரண்டுக்கும் நடுவே ஐந்து நாள்தான் வித்தியாசம்.

ஆனா பெண்களைச் சேர்த்துக்கொள்வதில் அந்த ஐந்து நாள் எட்டு வருடமாக மாறியது. மெட்ராஸில் 1875-லேயே மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்கள் மருத்துவ வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். கொல்கத்தா முதல் பெண்ணுக்குக் கதவைத் திறந்தது 1883-ல். அதாவது கல்லூரி தொடங்கி 48 ஆண்டுகள் கழித்து.

இடைப்பட்ட காலத்தில் டாக்டராக ஆசைப்பட்ட வங்காளப் பெண் என்ன செய்வார்? ரயில் ஏறி மெட்ராஸ் வருவார். அபலா தாஸ் அப்படித்தான் 1882-ல் இங்கே வந்தார். பிற்காலத்தில் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் மனைவியாக அபலா போஸ் என்று அறியப்பட்டவர் இவர்தான். உடல்நிலை ஒத்துழைக்காததால் படிப்பை முடிக்காமலே திரும்பினார்.

காதம்பினி ரயில் ஏறவில்லை. சொந்த ஊர்க் கதவையே தட்டுவது என்று முடிவெடுத்தார்.

1 மார்க்: நழுவிப்போன முதல் வகுப்பு

காதம்பினி பாசு பிறந்தது 1861-ல், பீகாரின் பாகல்பூரில். குடும்பத்தின் பூர்வீகம் இன்றைய வங்கதேசத்தில் உள்ள பரிசால் பகுதியின் சாந்த்சி கிராமம். அப்பா பிரஜ கிஷோர் பாசு பள்ளித் தலைமையாசிரியர், பிரம்ம சமாஜத்துக்காரர். 1863-லேயே பாகல்பூரில் பெண்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர்களில் ஒருவர். மகள் படிக்கட்டும் என்று நினைத்த அப்பாக்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்த காலம் அது.

படிப்புக்காகக் கொல்கத்தா வந்தார். பாலிகஞ்சில் 1873-ல் தொடங்கப்பட்ட இந்து மகிளா வித்யாலயாவில் சேர்ந்தார். அது பின்னர் வங்க மகிளா வித்யாலயா என்று பெயர் மாறி, 1878-ல் பெத்யூன் பள்ளியோடு இணைந்தது. அங்கே பாடம் நடத்தியவர்களில் ஒருவர் துவாரகாநாத் கங்குலி. பெண்களுக்காகவே ‘அபலாபாந்தவ்’ என்ற பத்திரிகையை நடத்தியவர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது கல்கத்தா பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வைப் பெண்கள் எழுத விதிகளில் இடமே இல்லை. சந்திரமுகி பாசு என்ற இன்னொரு மாணவி டேராடூனிலிருந்து ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தும், அவரை அதிகாரபூர்வத் தேர்வராகக் கணக்கில் எடுக்கவில்லை. துவாரகாநாத் போன்றவர்கள் விடாமல் அழுத்தம் கொடுத்தபிறகே பல்கலைக்கழகம் இறங்கிவந்தது. காதம்பினி தேர்வு எழுதினார், தேறினார். முதல் வகுப்பு ஒரே ஒரு மார்க்கில் நழுவியது.

ரிசல்ட் வந்தபிறகு புதிய சிக்கல். மேற்கொண்டு படிக்கப் பெண்களுக்கென்று கல்லூரியே இல்லை! பெத்யூன் பள்ளியிலேயே 1879-ல் கல்லூரி வகுப்பு தொடங்கப்பட்டது. அந்த வகுப்பின் மாணவி காதம்பினி ஒருவர்தான். ஒரே ஆளுக்காகத் தொடங்கிய அந்த வகுப்புதான் இன்றைய பெத்யூன் கல்லூரி.

1883-ல் நடந்த பட்டமளிப்பு விழாவில் காதம்பினியும் சந்திரமுகியும் பி.ஏ. பட்டம் வாங்கினார்கள். இந்தியாவின் முதல் பெண் பட்டதாரிகள் இந்த இருவர்தான். சந்திரமுகி எம்.ஏ. முடித்து, பிறகு பெத்யூன் கல்லூரியின் முதல்வரானார். காதம்பினி மருத்துவத்துக்குத் திரும்பினார்.

20 ரூபாய்: உதவித்தொகையும் எதிர்ப்பும்

1883 அவருக்கு நெருக்கடியான ஆண்டு. ஜூனில் துவாரகாநாத்தைத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு 39 வயது, மனைவியை இழந்தவர், பிள்ளைகள் உண்டு. காதம்பினிக்கு 21. முற்போக்கு பேசிய பிரம்ம சமாஜ நண்பர்களில் சிலர்கூட இந்தத் திருமணத்தை ரசிக்கவில்லை.

அதே ஆண்டுதான் மெடிக்கல் காலேஜ் விண்ணப்பமும். பட்டதாரிகள் யாரும் சேரலாம் என்று வழி இருந்தும், கல்லூரியின் பேராசிரியர் குழு எதிர்த்தது. அந்த வழியில் பட்டதாரி என்றால் ஆண் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். பெண் பட்டதாரி ஒருவர் வந்து நிற்பார் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. கடைசியில் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர் ரிவர்ஸ் தாம்சனின் அரசு தலையிட்டு அனுமதி கொடுத்தது. படிப்புக் காலத்துக்கு மாதம் 20 ரூபாய் அரசு உதவித்தொகையும் கிடைத்தது.

சரி, பெண் டாக்டர் வேண்டும் என்ற தேவை அப்போது எவ்வளவு இருந்தது? ரொம்பவே இருந்தது. அந்தப்புரத்தை விட்டு வெளியே வராத பெண்களை ஆண் மருத்துவர் தொட்டுப் பார்க்கக் குடும்பங்கள் விடவில்லை. பிரசவத்தில் சிக்கல் என்றால் முறையான பயிற்சி இல்லாத தாய்மார்களே கதி. வங்காளத்தில் மருத்துவச்சியை ‘தாய்’ என்றுதான் சொல்வார்கள். 1885-ல் வைஸ்ராய் டஃபரினின் மனைவி தொடங்கிய நிதி இந்தப் பிரச்சினைக்காகவே வந்தது. பெண் மருத்துவர், பெண் மருத்துவ உதவியாளர், நர்ஸ், பேறுகால உதவியாளர் என்று எல்லா நிலைக்கும் ஆட்களைப் பயிற்றுவிப்பது அதன் நோக்கம்.

தேவை இருந்தது, பணமும் வந்தது. படிக்க வந்த பெண்ணுக்குப் பட்டம் தர மட்டும் மனசு வரவில்லை.

13 நாள்கள்: பிரசவ விடுப்பு

மருத்துவம் படித்துக்கொண்டிருக்கும்போதே காதம்பினிக்குக் குழந்தை பிறந்தது. அதற்காக அவர் வகுப்புக்கு வராமல் இருந்தது வெறும் 13 நாள்கள். ஒரு விரிவுரையைக்கூடத் தவறவிடவில்லை என்று சொல்லப்பட்டது.

இந்தத் தகவல் நமக்கு எப்படித் தெரியும் என்றால், 1888-ல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் லண்டனிலிருந்து எழுதிய ஒரு கடிதத்தால். நவீன நர்சிங்கின் முன்னோடியான அதே நைட்டிங்கேல்தான். கொல்கத்தாவில் காதம்பினிக்கு ஒரு மருத்துவமனைப் பதவிக்காகப் பரிந்துரை கேட்கப்பட்டிருந்தது. அதைப் பற்றி விசாரித்து எழுதும்போது, இந்த 13 நாள் கணக்கை வியப்போடு குறிப்பிட்டிருக்கிறார்.

இன்றைக்கு மகப்பேறு விடுப்புச் சட்டப்படி 26 வாரம். அந்த 13 நாளைப் படிக்கும்போது பெருமையாகவும் இருக்கும், வயிற்றைப் பிசையவும் செய்யும். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு நாள் கூடுதலாக விடுப்பு எடுத்திருந்தால், பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று சொன்னவர்கள் அதையே ஆதாரமாகக் காட்டியிருப்பார்கள்.

1 பேப்பர்: கைவிட்டுப் போன எம்.பி.

இறுதித் தேர்வில் எழுத்துத் தாள்கள் எல்லாவற்றிலும் தேறினார். செய்முறையில் ஒரு பகுதியில் மட்டும் தேறவில்லை என்று அறிவித்தார்கள். பெண்கள் மருத்துவம் படிப்பதையே எதிர்த்துவந்த ஒரு பேராசிரியர்தான் அதற்குக் காரணம் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

விளைவு? எம்.பி. என்ற பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. கல்லூரி தன் சொந்த அதிகாரத்தில் ஜி.பி.எம்.சி. என்ற டிப்ளமா கொடுத்தது. வங்காள மருத்துவக் கல்லூரிப் பட்டதாரி என்று அர்த்தம். தொழில் செய்ய அது உரிமை தந்தது. காகிதத்தில் அவர் டாக்டர்.

வார்டுக்குள் நிலைமையே வேறு. ஈடன் மருத்துவமனையில் வேலை செய்தபோது, எம்.பி. இல்லாததால் அவரை ஒரு நர்ஸின் இடத்தில்தான் வைத்திருந்தார்கள் என்று பதிவாகியிருக்கிறது. நோயைக் கண்டறியும் பொறுப்போ அறுவை சிகிச்சைப் பொறுப்போ அவர் கையில் தரப்படவில்லை. பிறகு லேடி டஃபரின் பெண்கள் மருத்துவமனையில் மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. ஆனா அங்கேயும் மேல் அதிகாரம் வெளிநாட்டுப் பட்டம் வைத்திருந்த ஐரோப்பியப் பெண் மருத்துவர்களிடம்தான் இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அதே நகரத்தில், அதே காலத்தில், ஒரு பெண்ணுக்கு மருத்துவத்தில் நுழைய ஒன்றுக்கு மேற்பட்ட படிக்கட்டுகள் இருந்தன. மேலே எம்.பி. அதற்குக் கீழே எல்.எம்.எஸ். அதற்கும் கீழே, கேம்ப்பெல் மெடிக்கல் ஸ்கூலில் வங்காள மொழியில் படிக்கும் வி.எல்.எம்.எஸ். இன்னும் கீழே நர்ஸ், பேறுகாலப் பயிற்சி.

கேம்ப்பெல்லில் 1894-ல் படிப்பை முடித்தவர் ஹைமபதி சென். சிறுமியாக இருக்கும்போதே திருமணமாகி, சிறுமியாகவே விதவையானவர். வகுப்பில் முதலிடம் வந்து தங்கப் பதக்கத்துக்குத் தகுதி பெற்றபோது, ஆண் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கடைசியில் வெள்ளிப் பதக்கத்தோடு சமாதானமாகப் போக வேண்டியிருந்தது. இதை அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆக, எந்தப் படியில் நின்றாலும் பெண்ணுக்கு அடுத்த படி வழுக்கியது.

6 மாதம், 100 ரூபாய்: அவதூறு வழக்கு

1891-ல் ‘பங்கபாசி’ என்ற பழமைவாதப் பத்திரிகை, இரவில் நோயாளிகளைப் பார்க்க வெளியே போகும் காதம்பினியைச் சூசகமாக வேசி என்று எழுதியது. இன்றைய சமூக ஊடகத்தில் பெண் மருத்துவருக்கோ பெண் பத்திரிகையாளருக்கோ நடக்கும் அதே தாக்குதல்தான், ஊடகம் மட்டும் வேறு.

காதம்பினியும் துவாரகாநாத்தும் அமைதியாக இருக்கவில்லை. டாக்டர் நீலரத்தன் சர்க்கார், சிவநாத் சாஸ்திரி போன்றவர்கள் துணை நிற்க, நீதிமன்றம் போனார்கள். ஆசிரியர் மகேஷ் சந்திர பாலுக்கு ஆறு மாதச் சிறையும் 100 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. 19-ம் நூற்றாண்டு இந்தியாவில் ஒரு பெண் தன் தொழில் கௌரவத்துக்காக வழக்குப் போட்டு ஜெயித்த அபூர்வமான சம்பவம் இது.

வழக்கு முடிந்தது. பட்டப் பிரச்சினை முடியவில்லை.

3 பட்டங்கள்: எடின்பரோ பயணம்

1893-ன் தொடக்கத்தில் காதம்பினி கப்பல் ஏறினார், தனியாக. பிள்ளைகளைக் கணவரின் பொறுப்பில் விட்டுவிட்டு. கடல் கடந்தாலே சாதி போய்விடும் என்று ஊர் பேசிய காலத்தில், குழந்தைகளை வீட்டில் விட்டு ஒரு அம்மா தேர்வு எழுதப் போகிறார். எவ்வளவு பேச்சு வாங்கியிருப்பார் என்று நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

ஏன் ஸ்காட்லாந்து? இது அழகான ஒரு கணக்கு. எடின்பரோவின் மருத்துவர் கல்லூரி, எடின்பரோவின் அறுவை மருத்துவர் கல்லூரி, கிளாஸ்கோவின் மருத்துவ அமைப்பு ஆகிய மூன்றும் 1884 முதல் சேர்ந்து ஒரே தேர்வை நடத்தின. அதில் தேறினால் மூன்றின் உரிமமும் ஒன்றாகக் கிடைக்கும். 1886 முதல் பெண்களுக்கும் அந்தத் தேர்வு திறக்கப்பட்டது. கொல்கத்தாவில் படித்த படிப்பு அங்கே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டதால், அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

சில மாதங்களில் எல்.ஆர்.சி.பி., எல்.ஆர்.சி.எஸ்., எல்.எஃப்.பி.எஸ். என்ற மூன்று தகுதிகளோடு ஊர் திரும்பினார். கொல்கத்தாவில் ஒரு செய்முறைப் பகுதியைக் காட்டி மறுத்த அங்கீகாரத்தை வெளியூரில் மூன்றாக வாங்கிவந்தார். ஆள் அதே ஆள். கப்பல் ஏறும்போது இருந்த திறமைதான் இறங்கும்போதும் இருந்தது. ஆனா இப்போது அவரை யாரும் நர்ஸ் இடத்தில் நிறுத்த முடியாது.

மயக்க மருந்து அப்போது யார் கையில் இருந்தது?

இப்போது முதல் கேள்விக்கு ஒரு படி நெருங்குவோம். வலியில்லாத அறுவை சிகிச்சை கொல்கத்தாவுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. பாஸ்டனில் 1846 அக்டோபரில் ஈதர் மயக்கம் பொதுவில் செய்து காட்டப்பட்டது. 1847 மார்ச் 22 அன்றே கல்கத்தா மெடிக்கல் காலேஜில் ஈதர் பயன்படுத்தப்பட்டது. அடுத்த ஜனவரியில் குளோரோஃபார்மும் வந்தது. கப்பல் மட்டுமே போக்குவரத்தாக இருந்த காலத்துக்கு இது அசுர வேகம்.

காதம்பினி படித்த காலத்தில் குளோரோஃபார்ம் கொடுப்பது தனிச் சிறப்புத் துறை ஆகியிருக்கவில்லை. துணியில் மருந்தைச் சொட்டவிட்டு மூச்சையும் நாடியையும் கவனிக்கும் வேலை, பெரும்பாலும் இன்னொரு டாக்டரிடமோ மருத்துவ மாணவரிடமோ உதவியாளரிடமோ போகும். முக்கியத்துவம் கத்தி பிடித்தவருக்கே. அதனாலேயே பெண்கள் நுழைய இது ஒரு வழியானது.

ஹைதராபாத் மெடிக்கல் ஸ்கூலில் படித்த ரூபா பாய் ஃபர்தூன்ஜி 1889 முதல் அங்கே மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவராகவே வேலை பார்த்தார். உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர் என்று கருதப்படுபவர். அமெரிக்காவில் இந்த வேலை நர்ஸ்களின் கைக்குப் போனது. மேயோ கிளினிக்கில் ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ், 14,000-க்கும் மேற்பட்ட முறை மயக்கம் கொடுத்த அனுபவத்தை 1906-ல் கட்டுரையாக எழுதினார். மயக்க மருந்தால் ஒரு மரணம்கூட இல்லை என்பது அவர் கணக்கு.

உடனே கேள்வி எழுந்தது: நர்ஸ் செய்வது மருத்துவத் தொழிலா, நர்சிங்கா? அமெரிக்க நீதிமன்றங்கள்வரை போனது. 1917-ல் கென்டக்கியிலும் 1936-ல் கலிபோர்னியாவிலும், மருத்துவரின் மேற்பார்வையில் நர்ஸ் மயக்கம் கொடுப்பது சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பு வந்தது. அங்கே கதவு அப்படித்தான் திறந்தது. இந்தியாவில் அந்தப் பாதை உருவாகவில்லை. இங்கே மயக்கவியல் டாக்டர்களின் துறையாகவே வளர்ந்தது.

1923 அக்டோபர் 3: கடைசி நாள்

திரும்பி வந்த காதம்பினி டஃபரின் மருத்துவமனையில் கொஞ்ச காலம் இருந்தார், பிறகு தனியாக பிராக்டிஸ் தொடங்கினார். கார்ன்வாலிஸ் தெருவில் பெரிய குடும்பம். சொந்தப் பிள்ளைகளும் கணவரின் முதல் தாரத்துப் பிள்ளைகளும் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள். அப்படி வளர்ந்த மகள் விதுமுகியைத்தான் எழுத்தாளர் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி திருமணம் செய்துகொண்டார். சத்யஜித் ரேயின் தாத்தா பாட்டி இவர்கள்தான்.

குதிரை வண்டியில் நோயாளி வீட்டுக்குப் போகும் நேரத்தில் லேஸ் பின்னுவார். அந்தப் பின்னல் வேலைக்காகவும் பெயர் வாங்கியவர். நேபாள அரச குடும்பத்திலிருந்தும் சிகிச்சைக்கு அழைப்பு வந்தது. 1898-ல் துவாரகாநாத் இறந்தார். அதன் பிறகும் வேலை நிற்கவில்லை.

மருத்துவத்துக்கு வெளியேயும் அவர் பெயர் வருகிறது. 1889-ல் பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போன பெண்களில் ஒருவர். 1890-ல் கல்கத்தா மாநாட்டு மேடையில் பேசினார். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் நடத்திய சத்தியாகிரகத்துக்காக 1908-ல் கொல்கத்தாவில் ஆதரவுக் கூட்டம் நடத்தினார். அந்தச் சத்தியாகிரகத்தில் தமிழர்கள் பெருமளவில் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. 1922-ல், 61 வயதில், கவிஞர் காமினி ராயோடு சேர்ந்து பீகார், ஒரிசா நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த பெண்களின் நிலையை ஆராயப் போனார்.

1923 அக்டோபர் 3 அன்று ஒரு அறுவை சிகிச்சையை முடித்துவிட்டு வீடு திரும்பினார். அன்றே இறந்தார். வயது 62. அந்த நேரத்தில் மெட்ராஸில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி படிப்பை முடித்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெண் டாக்டர் என்பது அபூர்வமாக இருந்தாலும் அதிசயமாக இல்லாமல் ஆகியிருந்தது.

சரி, இன்றைக்கு உங்களுக்கு என்ன பாதை?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

அமெரிக்கா: நர்சிங் பட்டம் நான்கு ஆண்டுகள். நர்ஸ் உரிமத் தேர்வு. ஐசியு போன்ற தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு முழுநேர அனுபவம். பிறகு சுமார் மூன்று ஆண்டுகள் நர்ஸ் அனஸ்தீசியா படிப்பு. 2022 முதல் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் அது முனைவர் நிலைப் படிப்பாகவே இருக்க வேண்டும். கடைசியில் தேசியச் சான்றிதழ் தேர்வு. கூட்டினால் குறைந்தது எட்டு ஆண்டுகள்.

இந்தியா: மயக்கம் கொடுக்கும் முழுப் பொறுப்பு வேண்டுமென்றால் எம்பிபிஎஸ், இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை ஆண்டுகள். பிறகு மயக்கவியலில் எம்.டி. மூன்று ஆண்டுகள். கூட்டினால் எட்டரை.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. எட்டு, எட்டரை. பயிற்சிக் காலத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனா நுழையும் கதவு வேறு, உள்ளே கிடைக்கும் அதிகாரமும் வேறு. நர்சிங் படித்தவர் சுயமாக மயக்கம் கொடுக்கும் பதவி இந்தியாவில் இல்லை.

இங்கே நர்சிங் முடித்தவருக்கு நெருக்கமான வழி, இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த இரண்டு ஆண்டு ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிகல் கேர்’ முதுநிலைப் படிப்பு. இதில் சேர பி.எஸ்சி. நர்சிங்கும் பணி அனுபவமும் வேணும். தீவிர சிகிச்சையில் கூடுதல் பொறுப்பு கிடைக்கும், மயக்கவியல் நிபுணர் ஆக்காது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஆபரேஷன் தியேட்டர், அனஸ்தீசியா டெக்னாலஜி பட்டப்படிப்புகள் இருக்கின்றன. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் இந்தப் பிரிவினரையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இவர்கள் கருவிகளைத் தயார்செய்வார்கள், மயக்கவியல் மருத்துவருக்குத் துணை நிற்பார்கள். மருந்தைத் தீர்மானிப்பது மருத்துவரே.

விளம்பரங்களில் இந்த வித்தியாசம் மங்கலாகிவிடும். அனஸ்தீசியா என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கும், டெக்னாலஜி என்ற சொல் சிறிய எழுத்தில் இருக்கும். வெளிநாட்டு வேலை என்ற வாக்கியமும் கூடவே வரும். இங்கே வாங்கும் டெக்னாலஜி பட்டத்தை வைத்து அமெரிக்காவில் நர்ஸ் அனஸ்தடிஸ்ட் ஆக முடியாது. அதற்கு முதலில் நர்ஸாக இருக்க வேண்டும்.

அதனால் பீஸ் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்க. ஒன்று, இந்தப் படிப்பை அங்கீகரிக்கும் கவுன்சில் எது, படித்ததும் என் பெயர் அதன் பதிவேட்டில் ஏறுமா? இரண்டு, ஆபரேஷன் டேபிள் பக்கத்தில் நின்று நான் சுயமாகச் செய்ய அனுமதி உள்ள வேலைகள் எவை, மேற்பார்வையில் மட்டும் செய்யக்கூடியவை எவை? மூன்று, இதே சான்றிதழை இன்னொரு மாநிலமோ நாடோ கணக்கில் எடுத்துக்கொள்ளுமா, அல்லது மறுபடி முதலிலிருந்து தொடங்கணுமா?

காதம்பினிக்கு இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கப் பத்து ஆண்டுகளும் ஒரு கப்பல் பயணமும் ஆகின. உங்களுக்கு ஒரு மதியம் போதும். கவுன்சில் இணையதளத்தில் கல்லூரியின் பெயரைத் தேடுங்கள், அங்கே படித்து முடித்த ஒருவரிடம் இப்போது என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். தங்கைக்கு அட்மிஷன் போடப்போகும் அண்ணன்களும் இதைச் செய்துவிட்டு முன்பணம் கட்டலாம்.